இருப்பார்க்குப் பாடும் கையறுநிலை: இரவு ஒலிபரப்பாளரின் ஓய்வும் நேயர் நினைவுரைகளும்

கழிந்தாரை நினைந்து எஞ்சினோர் வருந்திக் கூறுவது கையறுநிலை. தொல்காப்பியர் இதனைக் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்தார். புறநானூற்றின் துறைக்குறிப்புகள் பொதுவியலில் அடக்கின. எவ்வாறு அடக்கினும், இறந்தார்க்கே அது உரியது என்பது பொதுவாக நாம் கொண்டிருக்கும் கருத்து. ஆயின், உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்கும் ஒருவர் தம் தொழிலினின்று ஓய்வு கொண்டார் என்னும் ஒரே காரணம் பற்றி, அவரை ஒருநாளும் நேரிற் கண்டிராத மக்கள் வருந்தி எழுதுவனவற்றை எத்துறையின்பாற் படுத்துவது? வானொலியும் தொலைக்காட்சியும் இல்லத்துள் புகுந்த பின்னர்த் தோன்றிய எழுத்துவகை இது. இதனை இலக்கிய ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கொள்வதா, கூட்டத்தாரின் மனநெகிழ்ச்சி என ஒதுக்குவதா என்னும் வினா நம் துறைகளில் இன்னும் முறையாக எழுப்பப்படவில்லை.

மேல்நாட்டில் இதற்கு எடுத்துக்காட்டு வெளிப்படை. அமெரிக்க நாட்டில் ஜானி கார்சன் என்பார் 1962ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் தொடங்கி 30 ஆண்டுகள் இரவு தோறும் தொலைக்காட்சியில் தோன்றி உரையாடினார். 22-5-1992 அன்று விடைபெற்றார். அதன்பின் 2005இல் மறையும்வரை பொதுமேடைகளில் அரிதாகவே தோன்றினார். அவர் வழியில் வந்த டேவிட் லெட்டர்மன் 33 ஆண்டுகள் இரவு நிகழ்ச்சி நடத்தி 20-5-2015இல் ஓய்வு பெற்றார்; அவர் நடத்திய ஒளிபரப்புகள் 6,028. இவ்விருவரைக் குறித்தும் பார்வையாளர் எழுதிய நினைவுரைகள் மிகப்பல. அவற்றுள் அடிக்கடி வருவது நகைச்சுவையின் திறம் அன்று. உறங்கச் செல்லாமல் விழித்திருக்கத் தந்தை இசைந்த முதல் இரவு, நோயுற்ற தாயின் கட்டிலருகே எரிந்த திரை, தனியறையில் வாழ்ந்த மாணவப் பருவம் என இவையே வருகின்றன. புகழப்படுபவர் ஒருவர், நினைக்கப்படுவதோ வேறொன்று. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு தமிழ்நிலத்திற்கு வருவோம்.

தமிழ்நிலத்தில் இரவு நேரத்துத் துணையாக முதலில் வந்தது திரையன்று, குரல். அக்குரலை ஆராய வேம்பார்க் கரையினும் தக்க இடம் அரிது. பரதவர் வாழ்ந்த ஏழு கடற்றுறைகள் எனப் பெயர்பெற்றவற்றுள் வடகோடியில் இருப்பது வேம்பார். வேம்பாறு என்றும் எழுதுவர். மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பாறு என்பன ஏனைய ஆறு. முன்னே மன்னார் வளைகுடா; பின்னே பனங்காடு. ஊரின் ஒரு பாதி கடலையும் மற்றொரு பாதி பனையையும் நம்பி வாழ்வது. வேம்பார்க் கருப்பட்டி பெயர் பெற்றது. வளைகுடாவுக்கு அப்பால் ஈழம். இக்கரையில் இருப்பார்க்குச் சென்னை வடக்கே நெடுந்தொலைவு. கொழும்போ நீருக்கு அப்பால் அடுத்த வீடு.

இதனை உவமையாகக் கூறுகின்றோம் அல்லோம். அலையின் இயல்பே அவ்வாறு அமைந்தது. மத்திய அலை வரண்ட நிலத்தின்மேற் செல்லும்போது விரைவில் தேய்கின்றது. உப்புநீரின்மேற் செல்லும்போது நெடுந்தொலைவு வலிகுன்றாது செல்கின்றது. பகலில் வானின் அயனி மண்டலத்தின் கீழடுக்கு அலைகளை உறிஞ்சிவிடும். ஞாயிறு மறைந்தபின் அவ்வடுக்கு கலைந்துபோக, மேலே சென்ற அலைகள் மீண்டு நிலத்திற்கு வருகின்றன. தொலைவிலுள்ள நிலையங்கள் இரவில் அணித்தாகக் கேட்பது இதனால். கடல் வழிவிட, இரவு கொண்டுவந்து சேர்த்தது.

வரலாற்றுக் காரணமும் உண்டு. 1952இல் பா. வி. கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சரானபின் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் பெரிதும் குறைக்கப்பட்டன. நாடு முழுவதும் நேயர் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' இந்தி நிலங்களில் புகழ்பெற்றது அவ்வாண்டு தொடங்கியே. 1957இல் 'விவித் பாரதி' தோன்றியும், திரும்பியவர் அனைவரும் மீளவில்லை. தமிழ்ப் பகுதியில் எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், இராஜேஸ்வரி சண்முகம் முதலியோர் குரல்கள் தென்கரை ஊர்களில் உறவினர் குரல்போல் அறியப்பட்டன. 'இரவின் மடியில்' போன்ற நிகழ்ச்சிகள் நாளின் கடைசிப் பொழுதுக்கு ஓர் எல்லை வகுத்தன. திரை வந்தபோதும் கதை வேறாகவில்லை. சென்னைத் தொலைக்காட்சி 15-8-1975இல் தொடங்கியும் அதன் அலை இக்கரையை எட்டவில்லை; 15-2-1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியை உயர்ந்த கம்பங்களில் அலைவாங்கி கட்டித் தென்கரை மக்கள் பலர் கண்டனர். இன்னொரு குரலும் உண்டு. இலண்டனிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசை, இந்திய நேரப்படி இரவு 9.15 மணிக்குச் சிற்றலையில் ஒலித்தது. 1941இல் தொடங்கிய அவ்வொலிபரப்பு 30-4-2017 இரவுடன் நின்றது. ஆனந்தி சூரியப்பிரகாசம் போன்றோரை நேயர் 'அக்கா' என்றே குறித்தனர். வானொலியில் ஒருவர் ஓய்வு பெறும்போதும், ஒரு நிலையமே ஓய்வு பெறும்போதும் எழுந்த நினைவுரைகள் ஒரே வகையின என்பதால் இரண்டையும் சேர்த்தே ஈண்டுக் கருதுகின்றோம்.

இனி, முதல் வினாவுக்கு வருவோம். இருப்பார்க்குக் கையறுநிலை பாடுவது மரபாகுமா? ஆகும் என்பதற்குப் புறநானூற்றிலேயே சான்று உளது. 65ஆம் பாட்டு, கரிகாற் பெருவளத்தானோடு பொருது புறப்புண் பட்டமைக்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைக் கழாத்தலையார் பாடியது. வடக்கிருந்தான் என்கின்றது குறிப்பு. இறந்தான் என்று கூறவில்லை. எனினும் துறை கையறுநிலை என வகுக்கப்பட்டுள்ளது. வாளோடு அமர்ந்திருக்கும் மன்னன் பாடும் பொழுதில் உயிரோடுதான் இருக்கின்றான்; ஆயின் அவன் தொழில் முடிந்துவிட்டது. போரிலிருந்து, அவையிலிருந்து, கொடையிலிருந்து அவன் விலகிவிட்டான். புலவர் புலம்பலுக்கு அவ்விலகலே போதிய காரணமாயிற்று.

வடக்கிருத்தல் சாவை நோக்கிய செலவு. ஓய்வோ வாழ்வின் ஒரு பகுதி. இரண்டையும் ஒப்பிடுதல் பொருந்துமோ எனக் கேட்கலாம். ஒப்புமை மன்னன்பாலன்று, பாடுவோர்பாலே காணத்தக்கது. அப்பாட்டில் கழாத்தலையார் என்ன செய்கின்றார் என்று நோக்குக. மன்னனின் தோளை, வேலை, யானைப்படையை அவர் விரித்துரைக்கவில்லை. முழவு தன் மண்ணை மறந்தது; யாழ் பண்ணை மறந்தது; கவிழ்த்து வைத்த பானை நெய்யை மறந்தது; சுற்றத்தார் தேறலை மறந்தனர்; உழவர் ஆரவாரம் அடங்கிற்று; சிற்றூர்கள் விழாவை மறந்தன. ஆறு முறை 'மறத்தல்' வினை வருகின்றது. அடுத்து, முழுமதி நாளின் மாலையில் ஞாயிறும் திங்களும் ஒன்றையொன்று நோக்கி நிற்க, ஒன்று மலையில் மறையும் உவமை. இறுதியில், பகற்பொழுது முன்னைய நாள்களைப்போலக் கழியவில்லை என்னும் ஒரு கூற்று. ஒருவன் விலகியதால் நேர்ந்தது என்ன என்னும் வினாவுக்குக் கழாத்தலையார் தரும் விடை இதுவே: வீட்டுப் பொருள்கள் வேலையற்றுப் போயின, நேரம் நகர மறுக்கின்றது.

நேயர் நினைவுரைகளை அளக்க இதனினும் சிறந்த கோல் நமக்கு இல்லை. அவற்றுட் சிறந்தன எவை? ஒலிபரப்பாளரின் குரலை 'தேன்' என்றும் 'வெண்கலம்' என்றும் அடைமொழியால் நிறைப்பன அல்ல. வால்வு வானொலி சூடேறும்வரை காத்திருந்த சில நொடிகளைக் கூறுவன. வலியிழந்த மின்கலங்களை வெயிலில் காயவைத்து ஓரிரவு கூடுதலாக ஓட்டியதைக் கூறுவன. சிற்றலை கடல்போல் ஏறி இறங்கியபோது பெட்டியைக் கையிலேந்தித் திசை திருப்பியதைக் கூறுவன. பெட்டி இருந்த ஒரே வீட்டின் திண்ணையில் யார் யார் எங்கெங்கு அமர்ந்தனர் என்பதைக் கூறுவன. இந்நுண்செய்திகளில் ஒலிபரப்பாளர் பெயர் ஒருமுறையே வரலாம்; வாராமலும் போகலாம். எனினும் அவர் விலகியதன் ஆழம் இவற்றிலேதான் விளங்குகின்றது. கழாத்தலையாரின் கவிழ்ந்த பானைக்கும் இவர்தம் திண்ணை மூலையில் ஊமையாய் இருக்கும் பெட்டிக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுத் தொலைவு இருப்பினும், புலமை நெறி ஒன்றே.

பாரி மகளிர் பாடிய 112ஆம் பாட்டும் ஈண்டு நினைக்கத்தக்கது. தந்தையை இழந்த மகளிர் தந்தையின் கொடையைக் கூறவில்லை. சென்ற திங்களின் நிலவொளி ஒன்று, இத்திங்களின் நிலவொளி ஒன்று என இரண்டு இரவுகளை எதிரெதிர் நிறுத்தினர். முன்னைய நிலவில் தந்தை இருந்தான், குன்றும் இருந்தது. இன்றைய நிலவில் இரண்டும் இல்லை. நிலவு மட்டும் மாறவில்லை. அதே பொழுதை அதே பொழுதோடு ஒப்பிட்டுக் காட்டுதல் என்னும் இம்முறையை, புறநானூற்றை அறியாத நேயரும் தாமே கண்டடைகின்றனர். 'மணி ஒன்பதே காலாகிறது. கை பெட்டியின் பக்கம் போகிறது' என்னும் பாங்கில் எழுதுவோர் அம்மகளிரின் வழியினரே. குடவாயிற் கீரத்தனார் ஒல்லையூர்ச் சாத்தன் மறைந்தபின் முல்லை மலர்ந்ததைக் கண்டு, இன்னும் பூக்கின்றாயோ என வினவியதும் (புறம். 242) இதன்பாற்படும். பொழுது தவறாமல் வருகின்றது, பூ தவறாமல் மலர்கின்றது. அத்தவறாமையே எஞ்சினோரை வருத்துகின்றது.

அவ்வாறெனின் நினைவுரைகள் யாவும் இத்தரத்தன என்று கூறலாமோ எனின், கூறலாகாது. பெரும்பாலானவை தோல்வியுற்றன என்பதே எம் கருத்து. தோல்விக்குக் காரணம் அன்பின் குறைவன்று. துறையைப் பிறழ உணர்ந்தமை. கையறுநிலை பாட வந்தவர் பாடாண் பாடிச் செல்கின்றனர். பெற்ற விருதுகள், அமர்ந்த மேடைகள், உடன் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் எனப் பட்டியல் நீள்கின்றது. படிப்பவர்க்கு அவர் பெரியவர் என்பது தெரிகின்றது. அவர் இல்லாத இரவு எத்தகையது என்பது தெரியவில்லை. இன்னொரு வகையினர் இன்னும் வழுவுகின்றனர். அவர்கள் இன்றைய பண்பலை அறிவிப்பாளரின் மொழிக்கலப்பையும் விரைவையும் பழிக்கத் தொடங்கிவிடுகின்றனர். பழிப்பதில் உண்மை இருக்கலாம். ஆயினும் புலம்பல் வசையாக மாறியவுடன் நினைக்கப்பட்டவர் மறைந்துவிடுகின்றார். எழுதுபவரின் சினமே எஞ்சுகின்றது. பாரி மகளிர் வென்ற வேந்தரை வைதிருந்தால் அப்பாட்டு இன்று நம்மிடை வாழ்ந்திராது. (அவ்வேந்தரைக் குறிக்க அவர்கள் ஆண்ட ஒரு சொல்லில் இகழ்ச்சி தோன்றுகின்றது என்பார் உளர். அஃது உண்மையாயினும் ஒரு சொல்லளவே.)

இவ்விடத்தில் 'ரசிகர்', 'நேயர்' என்னும் இரு சொற்களை வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும். இரண்டும் வடமொழி வழியின. 'நேயம்' என்பதைச் 'சிநேகம்' என்பதனோடு தொடர்புறுத்துவர். ஆயின் தமிழ் வழக்கில் இரண்டும் வேறு வேறு உறவைக் குறித்தன. ரசிகர் என்பார் மேடையின் முன் இருப்பவர், திறத்தைச் சுவைப்பவர். நேயர் என்பார் உடனிருப்பவர். வானொலி தன் கேட்போரைக் கேட்போர் என்றோ ரசிகர் என்றோ அழையாது, நேயர் எனத் தேர்ந்து அழைத்ததில் ஓர் உறவு அறிவிக்கப்பட்டது. 'நேயர் விருப்பம்' என்னும் தொடரைப் பல தலைமுறை கேட்டுப் பழகியமையால் அதன் பொருட்செறிவை நாம் எண்ணுவதில்லை. ரசிகராய் நின்று எழுதுவோர் பாடாணில் முடிகின்றனர். நேயராய் நின்று எழுதுவோர்க்கே கையறுநிலை வாய்க்கின்றது. ஒருவரே இரண்டுமாக இருத்தலும் உண்டு. ஒரே நினைவுரையில் முதற்பாதி ரசிகரும் பிற்பாதி நேயரும் எழுதியதுபோல் தோன்றுவதும் உண்டு. அத்தகையவற்றில் பிற்பாதியே பெரும்பாலும் சிறப்பது.

காணாத ஒருவரோடு நட்பு எவ்வாறு கூடும் என்னும் ஐயம் தமிழர்க்கு எழ வேண்டுவதில்லை. பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர். உணர்ச்சி ஒத்தால் பழக்கம் வேண்டா என்னும் கருத்துடைய குறளுக்குப் பரிமேலழகர் இவ்விருவரையே எடுத்துக்காட்டினார். ஆயினும் ஓர் ஒற்றுமையைக் கண்டவுடன் வேற்றுமையை மறந்துவிடலாகாது. சோழன் பிசிராந்தையாரை அறிவான். அவர்க்கு இடம் ஒழிக்க என்றான். ஒலிபரப்பாளர்க்கோ நேயர் பல்லாயிரவர். ஒருவரையும் அவர் அறியார். இந்நட்பு ஒருதலைத்து. அகத்திணையியலார் கைக்கிளை என்று கூறியதனோடு ஒப்பிடலாம் எனச் சிலர் கருதக்கூடும்.

ஆயின் அஞ்சலட்டை அவ்வொருதலைமையைச் சிறிது மாற்றிற்று. பாடல் வேண்டி அட்டை எழுதிய நேயரின் பேரும் ஊரும் கடலுக்கு அப்பாலிருந்து உரக்கப் படிக்கப்பட்டன. மாவட்டத் தலைநகரில் அறியப்படாத கடற்கரைக் குப்பம் ஒன்றின் பெயர் கொழும்பிலிருந்து, பிழையின்றி, நிறுத்தி ஒலிக்கப்பட்டது. அந்த ஒரு நொடியில் நேயர் அறியப்பட்டவர் ஆனார். சோழன் பிசிரோனின் பெயரைக் கூறிய நொடியோடு இதனை ஒப்பிடுதல் மிகையன்று. நினைவுரைகளில் இந்நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் கூறப்படுவதற்கும், கூறும்போது நடை தானே செறிவுறுவதற்கும் காரணம் இதுவே. ஒலிபரப்பாளர் ஓய்வுபெறும்போது நேயர் இழப்பது குரலை மட்டுமன்று. தம் ஊரின் பெயரைச் சொல்லக்கூடிய ஒரு வாயை இழக்கின்றனர்.

பாணரும் புரவலரும் என்னும் பழைய உறவு இதில் தலைகீழாயிற்று. முன்னாளில் புரவலன் மறையப் பாணரும் புலவரும் புலம்பினர். பாணன் மறைந்தால் புலம்பினார் யார்? பொருந்தில் இளங்கீரனார், கபிலன் இன்று இருந்தால் நன்றே என ஏங்கிய பாட்டு (புறம். 53) போன்ற சிலவே புலவர்க்காக எழுந்தவை, ஊர் ஊராகச் சென்ற பாணர் பேரின்றி மறைந்தனர். இன்று பாடியும் பேசியும் வந்தவர் விலக, கேட்ட ஊரார் புலம்புகின்றனர். அப்துல் ஹமீத் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதிய நூலுக்கு 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' எனப் பெயரிட்டார். வழியிற் செல்பவன் என்று தம்மைக் கூறிக்கொள்வது பாணர் மரபின் குரல். அவர் கூலிக்குப் பேசியவர் அல்லரோ, தொழில் முடிந்து செல்பவர்க்கு இத்துணைப் புலம்பல் எதற்கு என இகழ்வாரும் உளர். பாணரும் பரிசிலுக்குப் பாடியவரே என்பது அவர்க்கு விடை.

நிலமும் பொழுதும் பற்றி ஒரு சொல். வேம்பார் நெய்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அதன் சிறுபொழுது எற்பாடு. யாமமோ குறிஞ்சிக்கு உரியது, கூடலின் பொழுது. நிலம் மயங்குதல் கூடாது, ஏனைய மயங்கலாம் என்பது தொல்காப்பியர் நெறி. நெய்தல் நிலத்தில் யாமத்துக் குரல் வந்து துணையாய் இருந்த காலத்தைத் திணைமயக்கம் எனலாம். படகு கரையேறி, அல்லது படகு செல்லும் நேரத்திற்குக் காத்து, விழித்திருந்த வீடுகளில் அயலான் ஒருவன் குரல் கூடலின் பொழுதை நிறைத்தது. பனங்காட்டு விடிலியில் பதநீர் காய்ச்சிய அடுப்பு அவிந்தபின் மிஞ்சும் நேரமும் அதுவே. குரல் நின்றபின் நெய்தல் தன் இரங்கலுக்கு மீண்டது. அகப்பொருள் இலக்கணத்தைப் புறவாழ்வின்மேல் இதற்குமேல் நீட்டுதல் தகாது, நீட்டினால் விளையாட்டாகிவிடும்.

ஓய்வு பெறுதல் ஒரு பேறு என்பதையும் மறத்தல் கூடாது. விடை கூறிச் செல்லும் வாய்ப்பு எல்லார்க்கும் கிடைத்ததில்லை. கே. எஸ். ராஜா வன்கொலைக்கு இரையானார். அவர்க்கு இறுதி நிகழ்ச்சி என ஒன்று இல்லை. நேயர்க்குக் கேட்டு அமர இறுதி இரவும் இல்லை. 1983 சூலைக்குப்பின் கடலின் இருபுறத்து உறவும் வேறாயிற்று. பாடல் கேட்டு அட்டை எழுதிய கரைகளில் ஏதிலியர் படகுகள் வந்திறங்கின. அவரைக் குறித்த நினைவுரைகள் ஏனைய ஒலிபரப்பாளரைக் குறித்தனவற்றினும் வேறான நடையின. அவற்றில் பொழுது இல்லை. அதிர்ச்சி மட்டுமே உண்டு. 'இன்று கடைசி' என்று அறிந்து கேட்ட இரவு இருந்தால்தான் அவ்விரவை நினைவில் நிறுத்தி எழுத இயலும்.

இக்கரைக்கு இஃது அறிமுகமான உண்மை. தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961இல். அப்பருவத்தில் மூழ்கி எழுந்தோர் எவரும் அதுவே கடைசி என அறியார்; அடுத்த ஆண்டு பார்களில் சிப்பி தேறும் என்றே கரை திரும்பினர். தேறவில்லை. பல நூற்றாண்டுத் தொழில் ஒன்று விடைபெறாமலே நின்றது. ஆகவே முத்துக்குளிப்பைப் பற்றிக் கடைசி நாளின் பாட்டு ஒன்றும் இல்லை. அந்நாளை அடையாளம் காட்டுவாரும் இல்லை. 30-4-2017 இரவு 9.15க்குப் பெட்டியருகில் அமர்ந்தவரோ இதற்குப்பின் இல்லை என்பதை அறிந்தே அமர்ந்தார். எழுதத் தூண்டியது அவ்வறிவு. மறைந்தது எது பெரிது என நோக்கின், முத்துத் தொழிலே பெரிது. பாட்டுப் பெற்றதோ வானொலி. இதனை இலக்கியத்தின் நடுவின்மைக் குறை எனலாம். ஆயினும் இலக்கியம் இழப்பின் அளவைப் பொறுத்து எழுவதன்று. இழப்பு அறியப்படும் முறையைப் பொறுத்து எழுவது.

ஒலிபரப்பைப் பற்றித் தமிழில் எழுந்த நூல்கள் பெரும்பாலும் பேசுவோர் பக்கம் நின்றே எழுதப்பட்டன. தமிழோசைக்கு அப்பெயரைச் சூட்டிய சோ. சிவபாதசுந்தரம் எழுதிய 'ஒலிபரப்புக் கலை' அவற்றுள் தலையாயது. பேசக் கற்பார்க்கு இன்றும் பயன்படுவது. கேட்போர் பக்கம் நின்ற நூல் நமக்கு வேண்டும். வானொலி நிலையங்கள் ஒலிநாடாக்களை மீண்டும் பயன்படுத்தியும் கைவிட்டும் இழந்தவை மிகுதி. நேரலையாய்ச் சென்றவற்றுட் பல பதிவே செய்யப்படவில்லை. எனவே ஓர் இரவு ஒலிபரப்பைப் பற்றி நாளை ஆராய விரும்புவார்க்குக் கிடைக்கக்கூடிய மூலம் பலபோழ்து நேயர் நினைவு ஒன்றே. புறநானூற்றுப் பாடல்களுட் பலவற்றில் மன்னன் செய்த போருக்குக் கல்வெட்டு இல்லை. புலவன் வாக்கே சான்று. அதனை நாம் ஐயுறாது கொள்கின்றோம்; நேயர் வாக்கை மட்டும் தள்ளுவது என்ன முறை? நினைவு பிழைபடும், பெயரும் ஆண்டும் மாறும் என்பது மெய். அப்பிழைகளைத் திருத்தப் பிற சான்றுகள் உள. திண்ணையில் யார் எங்கு அமர்ந்தனர் என்பதற்குப் பிற சான்று இல்லை.

இவற்றைத் தொகுக்கப் புகுவோர்க்கு ஒன்று கூறுதல் வேண்டும். இதுவரை வந்த சில தொகுப்புகள் ஒலிபரப்பாளரின் பெயர்வரிசையில் அமைந்தவை. ஒவ்வொருவர்க்கும் புகழுரைகள் அடுக்கப்பட்டுள்ளன. அம்முறை பாடாண் திணைக்கு ஏற்றது. கேட்ட ஊர்களின் வரிசையில் அமைத்தல் நன்று. புறநானூற்றின் அடிக்குறிப்பு யாரை, யார், எந்நிலையில் பாடினார் எனக் கூறுவதுபோல, ஒவ்வொரு நினைவுரைக்கும் கீழே எவ்வூரார், எந்தப் பெட்டியில், மத்திய அலையிலோ சிற்றலையிலோ, எந்தப் பொழுதில், யாரோடு அமர்ந்து கேட்டார் என்னும் குறிப்பு வேண்டும். கடலுக்குச் சென்றவராயின் எக்காற்றின் பருவம் என்பதும் வேண்டும். வாடையில் கேட்டதும் கொண்டலில் கேட்டதும் வேறு. பனை ஏறுபவராயின் பருவகாலமா அன்றா என்று கேட்டெழுதுக. வேம்பார், வைப்பாறு, புன்னைக்காயல் எனத் தொடங்கி மணப்பாடு வரை ஏழு துறைகளில் மட்டும் இம்முயற்சி மேற்கொள்ளப்பட்டாலும் ஒரு நல்ல தொகை கிடைக்கும். சிற்றலைப் பெட்டியைத் திருப்பிக் கேட்டு வளர்ந்தவர்கள் இத்துறைகளில் இன்னும் இருக்கின்றனர். அவர்களுள் பலர் எழுபதைக் கடந்தவர்கள்.